தலை மாற்றிய சொற்கள்

கள்ளக்குறிச்சி என்ற பெயரை மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மற்ற ஊர்களை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டோம். உளுந்தூர்பேட்டை, புளுந்தூர் ஏட்டை ஆனது. சங்கராபுரம், பங்கராசுரம் ஆனது. கேட்டால் ஏதோ காய்ச்சலின் பெயர் போல இருக்கும். கச்சிராயபாளையம், பச்சிராயகாளையம். எலவனாசூர்கோட்டை, கெலவனாசூர் ஓட்டை.

விதி எளிமையானது. இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு நீளமான பெயரை இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டின் முதல் எழுத்திலும் உள்ள மெய்யை மட்டும் இடம் மாற்ற வேண்டும். உயிர் இருந்த இடத்திலேயே இருக்கும். தோசை சட்னி, சோசை தட்னி. உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது, வாங்க மட்டும் செய்யும். இட்லி சாம்பார், சிட்லி ஆம்பார். கோமுகி அணை, ஓமுகி கணை.

கள்ளக்குறிச்சியில் இது நடக்காது. கள்ளவுக்கும் தலை க, குறிச்சிக்கும் தலை க. மாற்றினால் அதே ஊர் திரும்ப வரும். மேற்கே போனால் சின்னசேலம், அங்கேயும் அதே கதை. கிழக்கே தியாகதுருகம், அதுவும் அப்படியே. ஒரே சாலையில் அடுத்தடுத்து மூன்று ஊர்கள் இந்த விளையாட்டுக்கு வளைந்துகொடுக்கவில்லை. இதைக் கண்டுபிடித்த நாளில் எங்கள் அலுவலகத்தில் வேலை அரை மணி நேரம் தடைப்பட்டது.

அலுவலகம் என்றால் ஓர் அறை. பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், உரக்கடையின் மாடியில் இருந்தது. கோடையில் பூச்சிமருந்து வாசனை படியேறி வரும். இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு தொலைபேசி. நான் அந்தப் பத்திரிகையின் கள்ளக்குறிச்சி நிருபர். செல்போன் வந்துவிட்ட, ஆனால் அதில் செய்தி அனுப்பும் பழக்கம் இன்னும் வராத காலம். கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டமும் ஆகவில்லை. என்னைத் தவிர அறையில் இருந்த இன்னொருவர் தட்டச்சர், ஓர் இளம்பெண். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சில் ஹையர் தேர்வு பாஸ் செய்தவர். கருணாபுரத்திலிருந்து நடந்தே வருவார். வீட்டில் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவர்தான் என்று அவரே ஒருமுறை சொன்னார், பெருமையாக அல்ல, தகவலாக. கருணாபுரம் என்ற பெயர் பின்னாளில் கள்ளச்சாராயச் சாவுகளுக்காக எல்லாப் பத்திரிகைகளிலும் அச்சானது ஊருக்குத் தெரியும். நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பு.

சொல்லைக் கெடுக்கும் பழக்கம் எனக்குப் பள்ளியில் தொடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த க பாஷைதான். ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு கானா. வா என்பதற்கு கவா, போ என்பதற்கு கபோ. வாத்தியாருக்குப் புரியாது என்று நம்பினோம். அவரும் அதே பள்ளியில் படித்தவர் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் அவர் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, "கஉகட்ககாகரு" என்றார். வகுப்பே உட்கார்ந்தது.

தலை மாற்றுவதைக் கற்றுக்கொண்டது பிறகு, பத்திரிகையின் பிழைதிருத்தும் பிரிவில். அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்வார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், புள்ளி, கமா உட்பட. இன்னொருவர் அச்சுத்தாளில் கண்ணை ஓட்டுவார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கேட்பவரின் காது வேறெங்கோ போய்விடும். அதைக் கண்டுபிடிக்கப் படிப்பவர் நடுவில் ஒரு சொல்லை வேண்டுமென்றே கெடுப்பார். "பொதுக்கூட்டம்" என்று இருப்பதைக் "கொதுப்பூட்டம்" என்பார். எதிரில் இருப்பவர் சிரித்தால் விழித்திருக்கிறார் என்று பொருள். சிரிக்காமல் தலையாட்டினால் அந்தப் பத்தியை முதலிலிருந்து படிக்க வேண்டும். விளையாட்டாக இருந்தாலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. அந்தப் பிரிவில் இருந்த வரையில் நான் அதிகம் சிரித்ததும் அதிகம் பிழை கண்டுபிடித்ததும் அதனால்தான்.

கள்ளக்குறிச்சியில் நான் எழுதியதை நானே படிப்பேன், தட்டச்சர் திரையைப் பார்த்தபடி அடிப்பார். என் கையெழுத்து என்னைத் தவிர யாருக்கும் புரியாததால் வந்த ஏற்பாடு. அவர் சேர்ந்து இரண்டாவது வாரம், ஒரு செய்தியின் நடுவே "சாலை மறியல்" என்பதை "மாலை சறியல்" என்று படித்தேன். விசைகளின் சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் "சாலை மறியல்" என்று சரியாக இருந்தது. முகத்தில் மாற்றம் இல்லை. செய்தி முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"சார், கீ டடைல கூட்டம் கம்மியாதான் கீது. ரெண்டு டீ சொல்லிட்டு வரட்டா?"

அன்றிலிருந்து நாங்கள் அதைத் தலைமாத்து என்று அழைத்தோம். பெயர் வைத்தது அவர். நான் தலை மாற்றிப் படிப்பேன், அவர் விரல்கள் நேராக்கிவிடும். மாட்டுச் சந்தையைச் "சாட்டு மந்தை" என்பேன். மாட்டுச் சந்தை வரும். ரேஷன் கடையைக் "கேஷன் ரடை" என்பேன். ரேஷன் கடை வரும். இந்த விளையாட்டில் கெடுப்பதும் திருத்துவதும் ஒரே செயல். மாற்றியதை இன்னொரு முறை மாற்றினால் பழையபடி ஆகிவிடும். யோசிக்கும் ஆளுக்கு ஒரு நொடி பிடிக்கும். அவர் யோசிக்கவில்லை. காதிலிருந்து விரலுக்கு நேராகப் போனது.

வெளியாட்கள் இருக்கும்போதும் நிறுத்த மாட்டோம். ஒரு நாள் ஒரு கட்சிக்காரர் அறிக்கை கொடுக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் "ஆவட்ட மாட்சியர் மலையில் ஆய்வு" என்று தலைப்பைப் படித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார், மாட்சியரா? கலெக்டருக்கு மேல புதுசா எதுனா போஸ்டிங் போட்டுட்டாங்களா?"

"தெரியலீங்க. இப்பதான் நியூஸ் வந்துக்கினு கீது" என்றார் தட்டச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருவரும் சிரித்தோம். கீழே உரக்கடைக்காரர் என்ன ஆயிற்று என்று மேலே பார்த்தார்.

வேண்டுமென்று கெடுப்பதற்கும் தானாகக் கெடுவதற்கும் வித்தியாசம் உண்டு. எலவனாசூரை எங்கள் பக்கத்தில் எலவாசனூர் என்பவர்கள்தான் ஜாஸ்தி. வனாசூர், வாசனூர் ஆகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, நாக்குக்கு எது வசதியோ அது நிலைத்துவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் அச்சில் "எலவனாசூர்கோட்டை" என்றே போடுவேன். அந்த ஊர்க்காரர் ஒருவரே வந்து, எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போடுகிறீர்கள் என்று சண்டை பிடித்ததும் உண்டு. ஊர்ப் பெயர் விஷயத்தில் நான் கறார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் காவல் நிலையத்தில் வாங்கிய தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும். விளம்பரம் வந்த தாளைத் தாலுகா ஆபீஸில் கொடுத்தால்தான் நகல் கேட்கும் மனுவில் தாசில்தார் கையெழுத்துப் போடுவார். இப்படி வருபவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் உண்டு. எல்லோரும் சான்றிதழைப் பேருந்தில் தவறவிட்டவர்கள். இவர் தாளிலும் அதுதான் எழுதியிருந்தது.

"நான் பஸ்ல வுடல சார்" என்றார் அந்தப் பெண். "பொட்டியில வெச்சிருந்தேன். கரையான் தின்னுடுச்சி. பேரு மட்டும் மிச்சம் வெச்சிருந்திச்சி."

"ஸ்டேஷன்ல பஸ்னு எழுதியிருக்காங்களேம்மா."

"அவரு அப்பிடித்தான் எழுதுனாரு. கரையானுக்கெல்லாம் கேஸ் போட முடியாதுன்னாரு."

காவல் நிலையத் தாளில் இருப்பதுபோலவே விளம்பரமும் இருந்தால்தான் எடுபடும் என்பதால் பேருந்து என்றே எழுதினேன். எதற்காக இந்த அவசரம் என்று கேட்டேன். அவர் ஊர் அங்கன்வாடிக்கு ஆள் எடுக்கிறார்கள். எட்டு நாள் கழித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை நேர்காணல். அசல் பட்டியல் இல்லையென்றால், நகலுக்கு மனு போட்டதற்குத் தாசில்தார் கையெழுத்துள்ள தாளாவது காட்ட வேண்டும். இரண்டும் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். அவர் ஊரில் பத்தாவது தேறிய பெண்கள் இரண்டே பேர். இன்னொருத்தி கல்யாணமாகிக் கீழே போய்விட்டாள்.

"இத வுட்டா இன்னா இருக்குது சார் எனக்கு? மரவள்ளி புடுங்கத்தான் போவணும். இல்லன்னா ஓசூரு பக்கம் கம்பெனிக்குப் போவணும். எங்கம்மாவ வுட்டுட்டுப் போவ முடியாது."

ஊர்ப் பெயர் கேட்டேன். ஆலம்பாடி என்றார். வெள்ளிமலை பேருந்தில் வந்து, இறங்கி, ஓடையைத் தாண்டி நடக்க வேண்டுமாம். நான் கேள்விப்படாத ஊர். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். ஆ, ல, ம், பா, டி. படிவத்தில் தெளிவாக எழுதினேன்.

அவர் போன பிறகு தட்டச்சருக்குப் படித்துக் காட்டினேன். சட்டப்படியான விளம்பரம் என்பதால் அன்று நான் விளையாடவில்லை. பெயர், தகப்பனார் பெயர், பதிவு எண், தேர்வு எழுதிய ஆண்டு, ஊர் எல்லாவற்றையும் நேராகவே படித்தேன். விசைகள் ஓடின. பிரிண்டரில் வந்த தாளை எடுத்துப் படிவத்தோடு ஒப்பிட்டேன். பெயர் சரி, எண் சரி, ஆண்டு சரி. ஊர் இருந்த வரியில் கண் நிற்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினோம். புதன்கிழமை தாளில் வந்தது.

வியாழக்கிழமை மதியம் அந்தப் பெண் படியேறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விளம்பரத்தைக் கத்தரித்து ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டியிருந்தார். அதை என் மேசையில் வைத்தார்.

"சார், எங்க ஊரு ஆலம்பாடி. பாலமாடி இல்ல."

பார்த்தேன். பாலமாடி என்றுதான் இருந்தது. மலையில் இருக்கக்கூடிய பெயர்தான். தலைமை அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

"தாலுகா ஆபீஸ்ல வாங்க மாட்டேன்ட்டாங்க. ஊரு பேரு ஒத்துப்போவலியாம். பாலமாடின்னு ஒரு ஊரே லிஸ்ட்ல இல்லியாம். நீ யாரும்மா, எங்கிருந்து வந்தன்னு அங்க இருக்குற கிளர்க் கேக்குறாரு."

அந்த எழுத்தர் செய்தது சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். படிவத்தை எடுத்தேன். ஆலம்பாடி என்று என் கையெழுத்தில், ஒரு முறையாவது அழகாக, இருந்தது. படிவத்தைத் தட்டச்சர் பக்கம் திருப்பினேன். அவர் அதைப் பார்த்தார், விளம்பரத்தைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. ஆலம், பாடி. பாலம், ஆடி. என்ன நடந்தது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நான் நேராகச் சொன்னதை அவர் விரல்கள் தலைமாத்து என்று எடுத்துக்கொண்டு "திருத்தி"விட்டன.

"நான் சரியாத்தானே சொன்னேன்" என்றேன். உண்மைதான். உண்மை என்பதாலேயே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

தட்டச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்னைக்கு சார் சரியா சொல்லியிருக்கீங்க?"

குரலை உயர்த்தவில்லை. மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு நாங்கள் பேசுவது புரியவில்லை. யாரோ ஒருவருக்கு வேலை போகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, "பரவால்ல சார், மாத்திக் குடுங்க, போதும்" என்றார்.

எப்படி நடந்தது என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் இரண்டு பெரியவர்கள் நாள் முழுக்கச் சொற்களைப் புரட்டி விளையாடுகிறார்கள் என்பதை, அந்த விளையாட்டால் வேலை கைநழுவும் நிலையில் நிற்பவரிடம் விளக்குவது எளிதல்ல. தோசை சட்னி வரையில் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தெரிஞ்சேதான் மாத்தி மாத்திப் பேசுவீங்களா?"

"ஆமாம்மா."

"இன்னாத்துக்கு?"

பிழை கண்டுபிடிக்க என்று சொல்லலாம். அப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என் தவறு என்றுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை பக்கம் முடிந்துவிட்டது, சனிக்கிழமை போடுகிறோம், திருத்தம் என்று அல்ல, முழு விளம்பரத்தையும் மறுபடி போடுகிறோம் என்றார்கள். சனியும் ஞாயிறும் தாலுகா ஆபீஸ் இல்லை. செவ்வாய்க்கிழமை நேர்காணல். மிச்சம் இருந்தது திங்கட்கிழமை ஒரு நாள். ஆலம்பாடிக்குப் பத்திரிகை போகாது. அவர் ஊருக்கான தாலுகா ஆபீஸ் சங்கராபுரத்தில் என்பதால், திங்கட்கிழமை காலை அவர் மலைப் பேருந்தில் வந்து வழியில் கச்சிராயபாளையத்தில் இறங்குவது, நாங்கள் தாளோடு அங்கே நிற்பது என்று முடிவானது.

"நீங்க வரவேணாம் சார், நானே எடுத்துக்கினு போறேன்" என்றார் தட்டச்சர். நானும் போனேன்.

சனிக்கிழமை தாள் வந்தவுடன் இருவரும் தனித்தனியாக அந்த விளம்பரத்தைப் படித்தோம். பிறகு ஒருவர் படிக்க ஒருவர் பார்த்தோம். பிறகு மாற்றிக்கொண்டு இன்னொரு முறை. வியாழன் முதல் அந்த அறையில் எல்லாச் சொற்களும் அதனதன் தலையோடு இருந்தன. டீக்கடை டீக்கடையாகவே இருந்தது. சொன்னால் நம்புவது கடினம், மூன்று நாளில் வேலை மெதுவாகிவிட்டது. நான் சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் அவர் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை அதிகாலை டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போய் இறங்கினோம். மலைப் பேருந்து எட்டேகாலுக்கு வர வேண்டும். கரும்பு டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எட்டேகால் ஆனது, ஒன்பது ஆனது. ஒன்பதரைக்குத் தட்டச்சர் சாலை ஓரத்தில் நின்று மலைப்பக்கமே பார்க்கத் தொடங்கினார். பத்து மணிக்கு பைக்கில் மலையிறங்கி வந்த ஒருவர், மேலே ஒரு வளைவில் பேருந்து பஞ்சராகி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"தாசில்தாரு மதியம் கேம்ப் போயிடுவாருன்னு அந்த கிளர்க் சொன்னாருன்னுச்சே அந்தப் பொண்ணு" என்றார் தட்டச்சர்.

"வந்துடும்மா."

"இன்னா சார் வந்துடும்? இங்கருந்து ஆபீஸுக்கு வேற போவணும்ல?"

பதினொன்றுக்குப் பேருந்து வந்தது. அந்தப் பெண் படியிலேயே நின்றுகொண்டு வந்தார். இறங்கியதும் வணக்கம் கூடச் சொல்லவில்லை, கையை நீட்டினார். தட்டச்சர் தாளைக் கொடுத்தார். சாலையில் நின்றபடியே விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

தாலுகா ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. எழுத்தர் இருந்தார். தாசில்தாரின் ஜீப் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது. எழுத்தர் விளம்பரத்தையும் காவல் நிலையத் தாளையும் அருகருகே வைத்து, பென்சிலால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு ஒப்பிட்டார். நான் பார்த்த சிறந்த பிழைதிருத்துநர்களில் அவர் ஒருவர். கடைசியில் நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"போன வாட்டி வேற பேரு கொண்டாந்த இல்ல நீ? உங்க ஊரு பேரு இன்னா, நீயே சொல்லு."

அந்தப் பெண் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. நான்கு நாளாக இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிக் கேட்டும் சொல்லியும் இருந்திருக்கிறார். கண் ஒருமுறை என்னிடம் வந்து, தட்டச்சரிடம் போனது. பிறந்து வளர்ந்த ஊரின் பெயரைச் சொல்ல ஒருவர் அப்படி யோசித்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தட்டச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவி செய்ய வாயைத் திறந்தால் எது வரும் என்று அவருக்கே தெரியாது.

"ஆ" என்றார் அந்தப் பெண். ஒரு நொடி நிறுத்தினார். "ஆலம்பாடிங்க சார்."

எழுத்தர் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஜீப்பை யாரோ ஸ்டார்ட் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் எழுத்தர் திரும்பி வந்தார். பச்சை மையில் கையெழுத்து இருந்தது.

எதிரில் இருந்த கடையில் மூவரும் டீ குடித்தோம். தட்டச்சர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி இரண்டு முறை பாதியில் நிறுத்தினார். அந்தப் பெண் அதைக் கவனித்தாரா தெரியவில்லை. கையெழுத்துள்ள தாளைப் பைக்குள் பை வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ யோசனையில் இருந்தார். திடீரென்று கேட்டார்.

"அக்கா, சாரு சொன்ன மாதிரி மாத்துனா, அங்கன்வாடி இன்னாவாவும்? வங்கனாடி. சரிதானே?"

தட்டச்சருக்கு டீ புரையேறியது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"சரிதான். ஆனா வேணாம் தாயி, வுட்டுடு. நாளைக்கி அந்த ஆபீசரு முன்னாடி போயி வங்கனாடி வேலைக்கு வந்துருக்கேன்னு ஒளறி வெக்காத. வாய கட்டு."

"ஆமாமில்ல" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குப் பின்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பேருந்தில் ஏறும்போது தட்டச்சர் கீழே நின்று, "அங்கன்வாடி, அங்கன்வாடின்னு சொல்லிக்கினே போ" என்றார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவர் அப்படியே செய்தார். பேருந்து திரும்பும்வரை உதடு அசைவது தெரிந்தது.

வேலை கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, மலைப் பேருந்தின் நடத்துநரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பை நிறையச் சாமை அரிசியும் வந்தது. நான் தட்டச்சரிடம் கொடுத்தேன். அவர் இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை என் மேசையில் வைத்தார்.

அவர் அந்த அலுவலகத்தில் மேலும் நான்கு ஆண்டுகள் இருந்தார். பிறகு திருமணமாகி வேறு ஊருக்குப் போனார். அந்த மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் தலைமாத்து மெல்லத் திரும்பி வந்தது, பழைய வேகத்தில் இல்லாவிட்டாலும். டீ நேரத்தில் விளையாடுவோம். வருகிற ஆட்களை வைத்து விளையாடுவோம். ஆனால் நான் தாளைக் கையில் எடுத்தவுடன் அவர் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு செய்திக்கும், ஒவ்வொரு விளம்பரத்துக்கும், விதிவிலக்கே இல்லாமல் கேட்பார்.

"சார், இது நேராவா, மாத்தியா?"

"நேராத்தான்" என்று நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை மேலே வரும்.